ஆறு பேருக்கு மூன்று வாசல்

விருதுநகர்
16.6.2024

அன்புள்ள கற்பகத்துக்கு,

மதினி எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணனும் மகள் அனுப்பிரியாவும் சுகமாக இருக்கிறோம். வெயிலும் சுகமாகத்தான் இருக்கிறது, ஊரைவிட்டுப் போக மனசில்லாமல். நீயும் உன் வீட்டுக்காரர் சீனிச்சாமி அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

போன் இருக்கும்போது மதினிக்கு ஏன் இந்தப் பழங்காலத்து வேலை என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. விஷயம் இதுதான். மாதம் ஒரு பக்கம் ‘கணக்குத் தாள்’ என்று கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு அனுப்புகிறேன். புதிரும் இருக்கும், அதை வகுப்பில் எப்படி நடத்தலாம் என்ற யோசனையும் இருக்கும். போனில் அனுப்பினால் அடுத்த நிமிடமே “விடை என்ன டீச்சர்?” என்று கேட்கிறார்கள். யோசிப்பதற்கு முன்னால் விடை வேண்டியிருக்கிறது. அதனால் நமக்குள் ஒரு சட்டம்: புதிர் ஒரு கடிதத்தில், விடை அடுத்த கடிதத்தில்.

நீ பி.எஸ்சி. கணக்கு படித்தவள். எம். புதுப்பட்டியில் சாயங்கால வகுப்பும் எடுக்கிறாய். உன்னை விட்டால் எனக்கு வேறு கூட்டாளி யார்? முதல் புதிர் இதோ. இரண்டு திரி இருக்கிறது. ஒவ்வொன்றும் எரிந்து முடிய ஒரு மணி நேரம். ஆனால் சீராக எரியாது, ஓர் இடத்தில் வேகமாகவும் ஓர் இடத்தில் மெதுவாகவும் எரியும். கடிகாரம் கிடையாது. முக்கால் மணி நேரத்தை எப்படி அளப்பது?

பகல் முழுக்க என்ன செய்கிறாய்? அதையும் எழுது.

பிரியமுள்ள மதினி,
இசைவாணி


எம். புதுப்பட்டி
30.6.2024

அன்புள்ள மதினிக்கு,

கற்பகம் வணக்கம். அவரும் நானும் நல்லபடியாக இருக்கிறோம். அவர் லோடு ஏற்றிக்கொண்டு சேலம் போயிருக்கிறார். அண்ணனுக்கு முழங்கால் வலி தேவலையா? மருமகள் அனுப்பிரியா ஒழுங்காகப் படிக்கிறாளா?

உங்கள் திரிக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் வகுப்பே சண்டைக்கு வந்துவிட்டது. “சீரா எரியாத திரியா? அந்த மாதிரித் திரிய கம்பெனியில எடுக்கவே மாட்டாக டீச்சர்!” என்று ஒரே கூச்சல். இது கணக்குக்கான திரி, வெடிக்கான திரி இல்லை என்று அவர்களைச் சமாதானப்படுத்தவே ஒரு சாயங்காலம் போய்விட்டது. பட்டாசுக் கம்பெனி இல்லாத ஊரில் இந்தத் தொல்லை உங்களுக்கு வந்திருக்காது.

மறுநாள் பிரீத்திகா கண்டுபிடித்தாள். ஏழாம் வகுப்பு. முதல் திரியை இரண்டு முனையிலும் பற்றவைக்க வேண்டும், அதே நேரம் இரண்டாவதை ஒரு முனையில். முதல் திரி முடிந்தால் அரை மணி. அந்த நொடியில் இரண்டாவதன் மறுமுனையையும் பற்றவைத்தால் மிச்சம் கால் மணி. சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தாள். அவள் அம்மா சண்முகத்தாய் கூட்டிப்போக வந்து நின்றுகொண்டிருந்தாள். “இவ கிறுக்குத்தனமா எதையாவது பேசுதாளா டீச்சர்?” என்று கேட்டாள். முகமெல்லாம் பெருமை.

பகல் எப்படியோ போய்விடுகிறது மதினி. இந்த ஊரில் பகல் நிற்பதே இல்லை.

என்றும் அன்புள்ள,
கற்பகம்


விருதுநகர்
9.7.2024

அன்புள்ள கற்பகத்துக்கு,

உன் கடிதம் வந்த அன்று இங்கே மழைத் தூறல். இரண்டும் ஒன்றாக வந்ததில் வீடே குளிர்ந்தது. உன் அண்ணனுக்கு முழங்கால் தேவலை, வாய்தான் வலிக்கவில்லை.

திரிச் சண்டையை அப்படியே தாளில் போட்டுவிட்டேன். ஆசிரியர்கள் படித்துச் சிரித்திருக்கிறார்கள். இதில் ஒரு பாடம் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருளைக் கணக்கில் வைத்தால் அவர்கள் சண்டைக்கு வருவார்கள், சண்டைக்கு வந்த பிள்ளை கணக்கை விடாது. அடுத்த புதிரை நீயே செய். புத்தகத்தில் தேடாதே. ஊரில் கண்ணுக்கு முன்னால் இருப்பதை எடு.

இன்னொன்று கேட்க வேண்டும். உன் கடிதத்தின் ஓரத்தில் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளி பூசியதுபோல் மின்னுகிறது. பிள்ளைகளுக்கு நாடக வேஷம் ஏதும் போடுகிறாயா? அனுப்பிரியா அதைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு வேளை தவறாமல் சாப்பிடு.

உன் மதினி,
இசைவாணி


எம். புதுப்பட்டி
24.7.2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் எல்லோர் சுகத்தையும் வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை அண்ணன் கையில் கொடுக்க வேண்டாம்.

அது வேஷமில்லை, அலுமினியப் பொடி. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் தங்கிவிடுகிறது. சித்திரையிலிருந்து பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். வெடிமருந்து அடைக்கிற அறையில், சண்முகத்தாய்க்குப் பக்கத்து இடம். இங்கே வீட்டில் இருக்கிற பெண் என்று யாரும் இல்லை மதினி. பள்ளிக்கூட வேலைக்கு எழுதிப் போட்டு எழுதிப் போட்டுச் சலித்துவிட்டேன். பட்டாசு வேலையில் வெந்த அம்மாவின் கையைப் பார்த்துத்தான் அண்ணன் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். “நம்ம வீட்டுப் பொம்பள இனி மருந்தத் தொடக்கூடாது” என்று சொன்னவர். அவரிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? நீங்களும் சொல்லாதீர்கள்.

புதிர் கேட்டீர்களே. நான் உட்கார்ந்திருக்கிற அறையையே எடுத்துக்கொண்டேன். சதுரமான அறை. நாலு சுவரிலும் நடுவில் ஒரு வாசல். அவசரம் என்றால் ஓடுவதற்காக அப்படித்தான் கட்ட வேண்டும். நாலு மூலையில் நாலு பேர். ஒவ்வொருவரும் வேறு வேறு வாசலுக்கு நேர்கோட்டில் போக வேண்டும். ஒருவர் பாதை இன்னொருவர் பாதையை வெட்டக் கூடாது. எத்தனை விதமாகப் போகலாம்?

வேலை செய்கிற நேரத்தில் மனசுக்குள் இந்தக் கோடுகளைத்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புள்ள,
கற்பகம்


விருதுநகர்
8.8.2024

அன்புள்ள கற்பகத்துக்கு,

நீ நல்லபடியாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

உன் கடிதத்தைப் படித்துக் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. “என்ன எழுதியிருக்கா?” என்று உன் அண்ணன் கேட்டார். கணக்குத்தான் என்றேன். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவரிடம் எதையும் மறைத்ததில்லை. தீபாவளியோடு அந்த வேலையை விட்டுவிடு. இங்கே ஒரு தனியார் பள்ளியில் சொல்லி வைத்திருக்கிறேன். சட்டப்படி ஓர் அறையில் நாலு பேர்தானே உட்கார வேண்டும்? அப்படித்தானே இருக்கிறீர்கள்? நாலு வாசலும் திறந்துதானே இருக்கும்? இதற்கு மறைக்காமல் பதில் எழுது.

ஆனால் கணக்கு, அடடா! எத்தனை அழகான கணக்கு! என் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பதில் நின்றுவிட்டார்கள். நான் ராத்திரிச் சமையலைக் கருகவிட்டுத்தான் பதினாலைத் தொட்டேன். பதினாலுக்கு மேல் இல்லை. முதல் ஆளை ஒரு வாசலுக்கு அனுப்பிவிட்டால் அவர் பாதை அறையை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. அப்புறம் ஒவ்வொரு பக்கமும் ஒரு குட்டிக் கணக்கு. புரட்டாசித் தாளுக்கு இதுதான் முதல் பக்கம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மதினி,
இசைவாணி


எம். புதுப்பட்டி
2.9.2024

அன்புள்ள மதினிக்கு,

பதில் தாமதம். சீசன் ஆரம்பித்துவிட்டது. ஆர்டர் குவிகிறது, ஞாயிற்றுக்கிழமையும் வண்டி வந்து நிற்கிறது. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். மருமகளுக்குக் காய்ச்சல் என்று அவர் சொன்னார். இப்போது எப்படி?

பதினாலு என்றதும் பிள்ளைகள் ஆளுக்கொரு தாளில் வரைந்து தள்ளினார்கள். பிரீத்திகா மட்டும் வேறு படம் போட்டுவந்தாள். அறைக்குள் ஆறு பேர். பின்பக்க வாசலில் காகிதக் குழாய்க் கட்டுகளை அடுக்கி அடைத்து வைத்திருந்தாள். “நாலு பேருன்னா சுளுவா இருக்கு டீச்சர். இதுதான் நெசமான கணக்கு. ஆறு பேரு, மூணு வாசல். ஒருத்தர் மேல ஒருத்தர் முட்டாம எப்படிப் போவாக?” என்று கேட்டாள். எங்கிருந்து இது வந்தது என்றேன். “அம்மா சொல்லுச்சு” என்றாள்.

எனக்கு விடை தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள் மதினி. நான் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் கேட்ட மற்றதைத் தீபாவளிக்கு வரும்போது பேசிக்கொள்வோம்.

அன்புள்ள,
கற்பகம்


விருதுநகர்
15.9.2024

அன்புள்ள கற்பகத்துக்கு,

அனுப்பிரியாவுக்குக் காய்ச்சல் விட்டு, இப்போது பசிதான் அவளைப் படுத்துகிறது. காலாண்டுத் தேர்வு வேலை எனக்குத் தலைக்கு மேல் கிடப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

பிரீத்திகா கெட்டிக்காரி. ஆனால் அவள் கணக்கில் பிழை இருக்கிறது. மூன்று வாசலில் ஆறு பேரை விட்டால், எப்படி வரைந்தாலும் ஒரே வாசலுக்கு இரண்டு பேர் வந்து முட்டுகிறார்கள். யாராவது ஒருவர் நின்று வழிவிட வேண்டும். நின்றவர் வெளியேறவில்லை என்றாகிவிடும். ஆகவே இதற்கு விடை கிடையாது. விடை இல்லாத கணக்கைப் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது, மனம் விட்டுவிடுவார்கள். அதனால் ஆறை நாலாக்கி, அடைத்த வாசலையும் திறந்துவிட்டு, உன் பழைய கணக்கையே தாளில் போட்டுவிட்டேன். கீழே ‘புதிர் தந்தவர்: கற்பகம், எம். புதுப்பட்டி’ என்று உன் பெயர். பார்த்துச் சந்தோஷப்படு.

பள்ளி வேலை அநேகமாக உறுதி. கார்த்திகையில் நீ என் பக்கத்து வகுப்பில் நிற்பாய்.

மதினி,
இசைவாணி


விருதுநகர்
14.10.2024

என் கண்ணான கற்பகத்துக்கு,

கை எப்படி இருக்கிறது? கட்டு மாற்றும்போது வலிக்கிறதா? கஞ்சியாவது குடிக்கிறாயா?

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நாள் கணக்காக இருந்தேன். நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர் கேட்டதற்கு மட்டும் தலையாட்டினாய். வீட்டுக்குப் போன பிறகு போனையும் எடுப்பதில்லை. அதனால் மறுபடி பேனாவை எடுத்தேன். கடிதத்தில் என்றால் நீ பேசுவாய்.

உன் அண்ணன் வார்டுக்கு வெளியே உட்கார்ந்து, “இதுக்கா தாயி உன்னைய படிக்க வச்சேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாரே, அது உன் காதில் விழுந்திருக்கும். அவர் உன்மேல் கோபப்படவில்லை. எல்லாம் தெரிந்தும் மறைத்த என்னிடம்தான் பேசுவதை நிறுத்தியிருக்கிறார். நிறுத்தட்டும்.

பேப்பரில் ‘உராய்வு காரணமாக விபத்து, இரு பெண்கள் பலி’ என்று போட்டிருந்தார்கள். ‘அறையில் ஆறு பேர் இருந்தனர்’ என்று அதற்குக் கீழே இருந்தது. ஆறு என்ற எழுத்தைப் பார்த்ததும் பீரோவிலிருந்து உன் செப்டம்பர்க் கடிதத்தை எடுத்தேன். நான் மறைக்காமல் பதில் எழுதச் சொன்னேன். நீ மறைக்காமல்தான் எழுதியிருந்தாய். நான் அதைப் பரீட்சைத் தாள் திருத்துகிற கண்ணால் படித்துவிட்டேன் கற்பகம்.

பதில் போடு. ஒரு வரி போதும்.

மதினி


விருதுநகர்
5.11.2024

அன்புள்ள கற்பகத்துக்கு,

தீபாவளிக்கு இங்கே நாங்கள் வெடி வைக்கவில்லை. அனுப்பிரியா கேட்கவும் இல்லை. தெருவில் ஒவ்வொரு சத்தத்துக்கும் உன் அண்ணன் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். ராத்திரி, “அவளுக்குக் கடுதாசி எழுதுதியா?” என்று கேட்டார். பேச ஆரம்பித்துவிட்டார்.

உன் தோல் ஆறி வருகிறதாகச் சீனிச்சாமி அண்ணன் சொன்னார். சாயங்கால வகுப்பை மறுபடி திறந்துவிட்டாய் என்றும் சொன்னார். பிரீத்திகா வருகிறாளா?

காத்திருக்கிறேன்.

மதினி


எம். புதுப்பட்டி
24.11.2024

அன்புள்ள மதினிக்கு,

அண்ணனுக்கும் உங்களுக்கும் மருமகளுக்கும் என் அன்பு. இடது கைதான் வெந்தது. எழுத முடியாமல் போனது கையால் அல்ல.

பிரீத்திகா வருகிறாள். முன்னால்தான் உட்காருகிறாள். கூட்டிப்போக இப்போது அவள் சித்தி வருகிறாள். வகுப்பு முடியும் நேரம் வாசலில் ஆள் நிழல் பட்டால் அவள் தலை தானாக நிமிர்கிறது. சித்தி முகத்தைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொள்கிறாள்.

உங்களிடம் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். சீசன் தொடங்கியதிலிருந்தே எங்கள் அறையில் ஆறு பேர்தான். சோதனைக்கு ஆள் வந்தால் என்னையும் சண்முகத்தாயையும் வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிடுவார்கள். போனதும் மறுபடி உள்ளே. குழாய்க் கட்டை வாசலை விட்டு எடுக்கச் சொல்லி அவள்தான் போர்மேனிடம் கேட்டாள். “சீசன் முடியட்டும்த்தா” என்றார். அந்த வாசல் அவள் முதுகுக்குப் பின்னால், எட்டிவிடுகிற தூரம். அன்றைக்கு மருந்து பற்றியதும், அங்கே போக முடியாததால் அவள் என் வாசலுக்கு ஓடிவந்தாள். நானும் அதே வாசலுக்கு ஓடினேன். இரண்டு பேரும் வாசல் நிலைக்கு ஒன்றாக வந்தோம். நான் வெளியே விழுந்தேன். அவள் விழவில்லை.

அவள் நின்று எனக்கு வழிவிட்டாளா, நான் அவளை இடித்து முந்தினேனா? எவ்வளவு யோசித்தாலும் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை மதினி, வெறும் வெளிச்சம்தான் இருக்கிறது. ‘யாராவது ஒருவர் நின்று வழிவிட வேண்டும்’ என்று நீங்கள் எழுதிய கடிதம் அதற்கு நாலு நாள் முன்னால் வந்தது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. விடை கேட்டேன், சரியான விடையைத்தான் எழுதியிருந்தீர்கள்.

போன வாரம் வகுப்பு முடிந்ததும் பிரீத்திகா கேட்டாள், “எங்கம்மா எந்த வாசலுக்கு ஓடுச்சு டீச்சர்?” நான் கரும்பலகையைத் துடைக்கிறதுபோல் திரும்பிக்கொண்டேன். நாளைக்கும் கேட்பாள். அவளிடம் என்ன சொல்வேன்? பொய் சொன்னால் படம் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள். மெய் சொன்னால் என் வகுப்புக்கு வருவாளா? அவளையும் இழந்துவிட்டால் எனக்கு இந்த ஊரில் ஒன்றுமே இல்லை.

கற்பகம்


விருதுநகர்
1.12.2024

அன்புள்ள கற்பகத்துக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மிச்சத்தையும் படி என்றார்.

மெய்யைச் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல். அவள் வராமல் போகலாம். அந்த வலியை நான் வந்து பங்கு போட்டுக்கொள்ள முடியாது. ஆனாலும் சொல். அந்தப் பிள்ளை ஒருமுறை மெய்யைப் படமாகப் போட்டுக் கொடுத்தது. நான் ஆளைக் குறைத்து, வாசலைத் திறந்து, அழகாக்கினேன். இன்னொரு முறை நாம் அவளிடம் அப்படிச் செய்யக் கூடாது.

இத்துடன் இந்த மாதத் தாள். ஒரே ஒரு கணக்குத்தான். அவள் போட்டபடியே ஆறு பேர், மூன்று வாசல், அடைத்த இடத்தில் குழாய்க் கட்டு. கீழே, ‘இந்தக் கணக்குக்கு விடை இல்லை. விடை வருகிற மாதிரி இதைத் திருத்துக’ என்று எழுதியிருக்கிறேன். எல்லாப் பள்ளிக்கும் போகிறது. புதிர் தந்தவர் இடத்தில் இந்தத் தடவை சரியான பெயர் இருக்கிறது. அவளிடம் காட்டு.

உன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கும்,
மதினி


எம். புதுப்பட்டி
15.12.2024

அன்புள்ள மதினிக்கு,

எல்லோரும் சுகம்தானே? அண்ணனை ஒருநாள் இங்கே வரச் சொல்லுங்கள். பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

சொல்லிவிட்டேன். மற்றப் பிள்ளைகள் போன பிறகு, பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வாசல், யார் யார், எப்படி விழுந்தேன், எது தெரியவில்லை எல்லாவற்றையும் சொன்னேன். அழாமல் கேட்டாள். நான்தான் அழுதேன். அவள் சித்தி வந்ததும் எழுந்து போய்விட்டாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அந்த இரண்டு நாளும் வகுப்பை எப்படி நடத்தினேன் என்று எனக்கே தெரியாது.

மூன்றாம் நாள் வந்தாள். தாளைக் கொடுத்தேன். தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மற்றவர்கள் எல்லோரும் உங்களைப்போலத்தான் திருத்தினார்கள். ஆறில் இரண்டு பேரை அழித்து நாலாக்கி, அடைத்த வாசலைத் திறந்துவிட்டார்கள். யாரை அழிப்பது என்பதில்கூட அவர்களுக்குள் சண்டை வந்தது. பிரீத்திகா கடைசிவரை தாளைக் கையால் மறைத்துக்கொண்டு வரைந்தாள்.

அவள் யாரையும் அழிக்கவில்லை மதினி. குழாய்க் கட்டை மட்டும்தான் அழித்திருந்தாள். நாலு வாசல் போதாதென்று சுவரில் இன்னும் இரண்டு வாசல் வெட்டியிருந்தாள். ஆறு பேருக்கு ஆறு வாசல். பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு உருவங்களுக்கு மட்டும் பெயர் எழுதியிருந்தாள். ஒன்றின் மேல் ‘அம்மா’, ஒன்றின் மேல் ‘டீச்சர்’. அம்மாவிடமிருந்து ஒரு கோடு முதுகுப் பக்கத்து வாசலுக்குப் போகிறது. என்னிடமிருந்து ஒரு கோடு என் வாசலுக்குப் போகிறது. இரண்டும் எங்கேயும் முட்டவில்லை.

“இப்ப சரியா வருதா டீச்சர்?” என்று கேட்டாள்.

சிவப்புப் பேனாவை எடுத்து, சரி போட்டேன்.

அன்புள்ள,
கற்பகம்